ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போயிருந்தேன். முந்தின ராத்திரி காற்றோடு நல்ல மழை. விடிந்ததும் டீ குடிக்கலாம் என்று கடைத்தெருப் பக்கம் நடந்தேன். ஒரு கடை வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் நடுவில் கிழிந்து, கீழ்ப்பாதி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கிழிசலுக்குப் பின்னால் பழைய தகர போர்டு ஒன்று தெரிந்தது. பச்சைத் தரையில் மஞ்சள் எழுத்து, எழுத்துக்குச் சிவப்பு ஷேடு. கடையின் பேர் துருவில் போய்விட்டது. அடி வரி மட்டும் மிச்சம்: 'மொத்தம் சில்லறை விற்பனை நிலையம்'. 'மொத்தம்' காலை நீட்டித் தாராளமாக இடம் பிடித்திருந்தது. 'சில்லறை' கொஞ்சம் அடக்கம். 'விற்பனை'யில் நெருக்கடி ஆரம்பித்து, 'நிலையம்' வரும்போது எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கடைசி 'ம்'மின் புள்ளி மரச்சட்டத்தின் மேல் ஏறியிருந்தது.

அதை எழுதியவன் நான்தான்.

கடைக்குள் இருந்த இளைஞர் வெளியே வந்து, "என்ன சார் வேணும்?" என்றார்.

"ஒண்ணுமில்ல தம்பி, போர்டைப் பாத்தேன்."

"அதுவா? தாத்தா காலத்துப் போர்டு. கழட்டிரலாம்னுதான் பாக்கோம். ஆணி வர மாட்டேங்கு."

இத்தனை வருஷத்தில் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எவ்வளவோ வரைந்தாயிற்று. அதில் முக்கால்வாசி பழைய பேப்பர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நான் பார்க்கவே கூடாது என்று நினைத்த ஒன்று மட்டும் ஆணியை விடாமல் தொங்குகிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அதை எழுதியபோது எனக்கு மீசை அரும்பும் வயது. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. என் கணக்கு நோட்டில் கணக்கைவிட எம்.ஜி.ஆர். முகம் அதிகம் இருப்பதைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு போர்டு எழுதும் கடையில் விட்டார். கடை நடத்தியவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கோவில்பட்டியில் படம் வரைகிறவனுக்கு அப்போது தனி மரியாதை இருந்தது. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர் சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுத வந்த இடத்தில் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களாகி, வீட்டுக்கு வீடு பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். 1976இல் அவர் காலமானார். நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி பார்த்திருக்கிறார். அவர் வரைவதை வாசலில் நின்று பார்த்ததைத்தான் தன் படிப்பு என்று சொல்லிக்கொள்வார்.

சேர்ந்தவுடன் யாரும் என் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிடவில்லை. தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ரெட் ஆக்ஸைடு பூசிக் காயவைக்க வேண்டும். அண்ணாச்சி முடித்ததும் பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புப் போட்டு, முடி வளையாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இழுத்துச் சுண்டினால் தகரத்தில் கோடு விழும். இதற்கு நூல் அடிப்பது என்று பேர். நூல் அடிக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. டர்பண்டைன் வாசனை சட்டையிலும் தலைமுடியிலும் ஏறி, சாப்பாட்டிலும் வந்தது. அம்மா தட்டைத் தள்ளிவைத்துப் பரிமாறுவாள்.

ஒருநாள் அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். மறுநாள் காலையில் கடை திறப்பு. போர்டில் அடி வரி மட்டும் பாக்கி. அவர் வந்து அசந்துபோகட்டும் என்று நான் எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுத்து ஒவ்வொன்றும் நன்றாகத்தான் வந்தது. 'மொ' எழுதி முடித்ததும் எனக்கே பெருமை. அடுத்த எழுத்து, அதற்கடுத்த எழுத்து என்று மூக்கு தகரத்தில் முட்டும் தூரத்தில் நகர்ந்துகொண்டே போனவனுக்கு, 'நிலையம்' ஆரம்பிக்கும்போதுதான் வலது பக்கம் சட்டம் இருப்பது ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி வந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏலே, தமிழ்ல எல்லா எழுத்தும் ஒரே அகலமா? 'ர' ஒல்லி, 'ட' ஒல்லி. 'ஞ'வும் 'ண'வும் குண்டு. 'மொ' பேருக்குத்தான் ஒரு எழுத்து. கொம்பு, ம, காலுன்னு மூணு ஆளு உக்கார்ற இடம் கேக்கும். முதல்ல கடைசி எழுத்தை எங்கே வைக்கணும்னு பாத்துட்டில்லா முதல் எழுத்தைத் தொடணும்?"

அழித்து எழுத நேரமில்லை. எனாமல் காயாமல் மேலே பூசினால் இன்னும் மோசமாகும். போர்டு அப்படியே போயிற்று. கடைக்காரர் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். போகும்போது மட்டும், "நிலையத்துல கூட்டம் ஜாஸ்தி போலிருக்கே அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி என்னைக் கைகாட்டாமல், "ஆமா மொதலாளி, வியாபாரம் அப்படி நடக்கட்டும்" என்று சமாளித்தார். அந்தத் தெரு வழியாகத்தான் நான் தினமும் வீட்டுக்குப் போக வேண்டும். நோட்டில் வரைந்த படம் சரியில்லை என்றால் கிழித்துப் போடலாம். தெருவில் மாட்டியதை என்ன செய்ய?

இன்னொரு குழப்பமும் அந்தக் காலத்தில் உண்டு. பெரியார் 1935 முதலே தன் பத்திரிகையில் பயன்படுத்திவந்த சீர்திருத்த எழுத்தை, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணை போட்டது. துதிக்கையைத் தூக்கிய பழைய 'லை'யும் 'னை'யும் போய், மற்ற எழுத்துகளுக்குப் போடும் அதே ஐகாரக் குறி வந்தது. ஆணை வந்தாலும் கை கேட்கவில்லை. முதல் வரியில் புது 'லை' போட்டுவிட்டு மூன்றாம் வரியில் பழையதைப் போட்டுவிடுவேன். கடைக்காரர்களிலும் ரெண்டு கட்சி. ஒருத்தர், "சர்க்கார் எழுத்துல போடுப்பா" என்பார். அடுத்தவர், "துதிக்கை இல்லாம எழுதினா கடை பேரு மாதிரியே இல்ல" என்று சண்டைக்கு வருவார். பென்சிலில் எழுதிக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே பெயின்ட் டப்பாவைத் திறப்பது என்ற வழக்கம் அப்படித்தான் எங்கள் கடையில் வந்தது. வேறு எதற்கும் இல்லாவிட்டாலும், இந்தப் பழக்கம் பிற்பாடு சென்னையில் எனக்குச் சோறு போட்டது.

போர்டு எழுத்து கைக்கு வந்த பிறகு தியேட்டர் பேனருக்கு ஏற்றிவிட்டார் அண்ணாச்சி. காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வஜ்ரம் காய்ச்சி வெள்ளைப் பவுடரோடு கலந்து பூசி, காய்ந்ததும் கட்டம் போடுவோம். கையகல ஸ்டில் போட்டோவிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் இருக்கும். ஒரு கட்டத்தில் இருப்பதை இன்னொரு கட்டத்துக்கு ஏற்ற வேண்டியதுதான். போட்டோவில் மூக்கு நுனி ஒரு கட்டத்தின் மூலையில் இருந்தால் பேனரில் அதே மூலை. ஒரு கண் ஒரு ஆள் உயரம் வரும்.

முதல்முதலாக ஒரு கதாநாயகன் முகத்தைத் தனியாக என்னிடம் விட்டார். தோல் நிறத்தை அழகாகக் குழைத்து, பிரஷ் தடம் தெரியாமல் நீவி நீவி, கன்னத்தை மொழுமொழுவென்று கொண்டுவந்தேன். புருவத்தில் ஒவ்வொரு முடியாக இழுத்தேன். பக்கத்தில் அண்ணாச்சி வரைந்த வில்லன் முகத்தைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. நெற்றியில் பச்சைத் திட்டு, தாடைக்கு அடியில் ஊதா, மூக்கில் கத்தியால் அப்பிய வெள்ளை. அவசரத்தில் வரைந்துவிட்டார் பாவம் என்று நினைத்தேன்.

பேனரைத் தியேட்டர் முகப்பில் ஏற்றிக் கட்டினார்கள். நான் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி தோளில் தட்டினார்.

"இங்கன நின்னு என்னத்தைப் பாக்கே? ரோட்டைத் தாண்டிப் போய்ப் பாரு."

எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். வில்லன் முகம் துணியை விட்டு வெளியே வந்து நின்றது. பச்சையும் ஊதாவும் எங்கே போயின என்றே தெரியவில்லை. வெளிச்சமும் நிழலுமாக எலும்பும் சதையும் தெரிந்தன. என் கதாநாயகன்? சப்பென்று ஒரு பழுப்பு வட்டம். நான் இழுத்த புருவ முடி ஒன்றுகூட அங்கே வந்து சேரவில்லை. டிக்கெட் வாங்குகிறவன் பேனரின் அடியில் நின்று படத்தைத் தீர்மானிப்பதில்லை, பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தே தீர்மானிக்கிறான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

மறுநாள் ரசிகர் மன்றத்துக்காரர்கள் கடைக்கே வந்துவிட்டார்கள். "எங்க ஆளுக்கு மஞ்சக்காமாலையா?" என்று கேட்டார்கள். அண்ணாச்சி அவர்களை உட்காரவைத்து, டீ சொல்லி, சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, இருக்கிற முகத்தின் மேலேயே கத்தியால் ரோஸும் வெள்ளையும் அப்பினார். நான் கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டு அப்பு அப்பியதும், "போ, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்பார். நான் ரோட்டைத் தாண்டி ஓடுவேன். திரும்பி வந்து, "வலது கன்னம் இன்னும் உள்ள போகுது அண்ணாச்சி" என்பேன். இன்னும் ரெண்டு அப்பு. இப்படியே இருட்டும்வரை. நான் படம் வரையக் கற்றுக்கொண்டது அன்று சாயங்காலம் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

சிவகாசி பக்கத்து ஊர்தான். காலண்டர் சீசன் வந்தால் அங்கே வரைகிறவர்களுக்கு வேலை கிடைக்கும். துணிந்து ஒரு முருகனை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். மயிலின் நகம் வரை நுணுக்கம். அச்சகத்தில் எடுத்துக்கொண்டார்கள். அச்சாகி வந்ததைப் பார்த்தால் மயிலுக்குக் கால் இல்லை. தாளின் விளிம்பு வரை நான் வரைந்திருந்தேன். கட்டிங் மிஷின் வெட்டும்போது விளிம்பு போகும் என்று தெரியாது. போதாததற்கு, கடைப் பேர் அச்சடிக்க அடியில் இடம் வேண்டும், அதற்குக் கீழே தேதித் தாள் கட்டு தைக்க இடம் வேண்டும். மிச்சமிருந்த மயிலின் மேல் ஒரு ஜவுளிக்கடையின் பேர் சிவப்பில் ஏறியிருந்தது. கட்டிங் பார்க்கிறவர் என்னைவிட வயதில் சின்னவர். "அண்ணே, நீங்க வரைஞ்சு முடிச்ச பிறகுதான் எங்க வேலை ஆரம்பிக்குது. எங்களுக்கும் நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்க" என்றார். அவர்மேல் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவருடைய மேஜைப் பக்கம் நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு எந்த அச்சகத்துக்குப் போனாலும் முதலாளி அறைக்கு முன்னால் மிஷின் இருக்கும் இடத்துக்குப் போவேன்.

சென்னைக்கு வந்தது நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில். எழும்பூரில் இறங்கியவனுக்குத் தங்க இடம் திருவல்லிக்கேணி மேன்ஷன். பகலில் பத்திரிகை ஆபீஸ்களின் படிக்கட்டு. சாயங்காலம் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள். பழைய விகடன், கல்கி இதழ்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். கல்கியில் 1950 முதல் 54 வரை வந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்கள், யாரோ கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய தொகுப்பாக ஒன்று கிடைத்தது. அன்றைக்குச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதை வாங்கினேன். ஓவியர் கோபுலுவின் படங்களில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. நாதஸ்வரக்காரரின் கன்னம், கூட்டத்தில் பின்னால் எட்டிப் பார்க்கிறவனின் கழுத்து, எல்லாம் ரெண்டே கோட்டில் முடிந்துவிடும். நான் அதே இடத்தில் இருபது கோடு போடுவேன். இருபது கோடு போடுகிறவன்தான் உழைப்பாளி என்று அப்போது என் கணக்கு.

அந்தக் கணக்கை ஒரு அச்சு பிளாக் தீர்த்துவைத்தது. முதல் சிறுகதைக்கு வரைந்த படத்தில், நிழலுக்கெல்லாம் மெல்லிய நிப்பால் மிக நெருக்கமாகக் கோடு இழுத்திருந்தேன். பத்திரிகை கைக்கு வந்ததும் மேன்ஷனில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று பிரித்தேன். கதாநாயகியின் பாதி முகம் கரி. மெல்லிய கோடுகளை பிளாக் செய்யும்போது சுருக்கியதில், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே இருந்த வெள்ளை காணாமல் போய்விட்டது. சாதாக் காகிதம் மையை வேறு உறிஞ்சிப் பரப்பிவிட்டது. பிளாக் செய்யும் இடத்துக்கே போய் நின்றேன். அங்கிருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, நீங்க கறுப்பை மட்டும்தான் வரையறீங்க. நாங்க பிளாக்ல காப்பாத்த வேண்டியது வெள்ளையை. அச்சுல வர்ற அளவைவிடப் பெரிசா வரைங்க. சுருக்கினா கோடு கூர்மையாகும். ஆனா நடுவுல வெள்ளை தப்பிக்கிற அளவுக்கு இடம் விடணும்." கோபுலு விட்டுவிட்ட கோடுகளெல்லாம் எங்கே போயின என்று அப்போது புரிந்தது. அன்றிலிருந்து படத்தை முடித்ததும் தரையில் போட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று பார்ப்பேன். மேன்ஷன் அறையில் கூட இருந்தவர்கள் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு குறை எனக்கே தெரிந்தது. என் மனிதர்கள் எல்லோரும் ஸ்டில் போட்டோவுக்கு நிற்கிறவர்களாகவே இருந்தார்கள். கட்டம் போட்டு வளர்ந்த கை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பித்த ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டித்தான் பல நாள் நடந்து போவேன். உள்ளே மாணவர்கள் உயிருள்ள ஆளை உட்காரவைத்து வரைவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அந்தப் படிப்பும் இல்லை, ஆளை உட்காரவைக்கக் காசும் இல்லை. எழும்பூர் ஸ்டேஷன்தான் என் வகுப்பறை ஆயிற்று. ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் அசையாமல் இருப்பார்கள், பைசா கேட்க மாட்டார்கள். மூட்டைமேல் தலைவைத்துத் தூங்குகிறவனின் வாய், குழந்தையை இடுப்பில் மாற்றும்போது ஒருபக்கம் சாய்கிற பெண்ணின் முதுகு, டிக்கெட் தொலைந்துவிட்டதோ என்று நிமிஷத்துக்கொருமுறை மடியைத் தடவும் கிழவர். ஸ்டில் போட்டோ எதிலும் இவர்கள் இல்லை. கதைகளில் வருகிறவர்களோ பெரும்பாலும் இவர்கள்தான்.

கையில் வேலை சேரச் சேர வேறு வகைத் தவறுகள் வந்தன. ஒரு துப்பறியும் கதை. ஆபீஸ் பையன் கொண்டுவந்த தாளை அவசரமாகப் படித்தேன். எந்தக் காட்சி வரைவதற்கு விறுவிறுப்பாக இருக்கிறது என்று மட்டும் தேடினேன். கிடைத்தது: கிழவர் தலையணைக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் இடம். பிரமாதமாக வந்தது. கதையின் முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டார்கள். கொலைகாரர் அந்தக் கிழவர்தான் என்று கதை கடைசிப் பத்தியில் சொல்கிறது. வாசகர் கடிதங்களில் ஒருவர், ஓவியர் புண்ணியத்தில் கதையைப் படிக்கும் சிரமம் மிச்சம் என்று எழுதியிருந்தார். எழுத்தாளர் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. படிக்கிறவர் முதலில் பார்ப்பது படத்தை, பிறகுதான் கதை. நான் கதையைப் படித்துவிட்டு வரைகிறேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கிறார். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்க ஒரு கிழவர் துப்பாக்கி எடுக்க வேண்டியிருந்தது.

சரித்திரக் கதைக்கு வரையக் கூப்பிட்டபோது இன்னொரு பாடம். சோழர் காலத்து மடைப்பள்ளி ஒன்று. செம்புப் பானை, விறகடுப்பு, வாழைத்தார் எல்லாம் போட்டுவிட்டு, மூலையில் வெறுமையாக இருக்கிறதே என்று காய்ந்த மிளகாய் வற்றலை மாலையாகத் தொங்கவிட்டேன். பள்ளி ஆசிரியர் ஒருவர் போஸ்ட் கார்டு போட்டிருந்தார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுக்கீசியர்கள் வந்த பிறகுதான் நம் சமையலில் நுழைந்தது, சோழர்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பினார்கள் என்று பொறுமையாக விளக்கியிருந்தார். திட்டவில்லை. அதனால்தான் ரொம்ப உறைத்தது. ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து, விகடனில் தென்னாட்டுச் செல்வங்களாக வரைந்தவர். அந்தக் காரியத்தில் பத்தில் ஒரு பங்காவது செய்வோம் என்று தாராசுரம் போனேன். இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த கோயில், பன்னிரண்டாம் நூற்றாண்டு. அங்கே சின்னச் சின்னக் கற்களில் நாயன்மார் கதைகள் இருக்கின்றன. இடுப்புக் கச்சை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், கூந்தலை எந்தப் பக்கம் முடிந்திருக்கிறார்கள் என்று நோட்டை நிரப்பிக்கொண்டு வந்தேன். மூலை வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடலாம் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பண விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் இதை மட்டும் பேசாமல் தாண்டிவிடுவார்கள். ஒரு பதிப்பாளர் நாவல் ஒன்றுக்கு அட்டைப்படம் கேட்டார். 'உங்களுக்கும் பேர் கிடைக்கும்' என்றார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு அசல் படத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே படம் வேறொரு நாவலின் அட்டையில் வந்தது. பிறகு ஒரு பக்திப் பாடல் கேசட்டின் உறையில் பார்த்தேன். காதலனை எதிர்பார்த்து நான் நிற்கவைத்த பெண், கேசட்டில் அம்மனை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

சண்டை போடப் போனேன். "எழுதிக் கொடுத்த தாள் ஏதாவது இருக்கா?" என்றார் சிரித்துக்கொண்டே. இல்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். சாதாரணமாகப் படைத்தவருக்குத்தான் முதல் உரிமை. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொல்லிய ஓவியம் என்றால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். "நீங்க ஒரு வரி எழுதி வாங்கியிருந்தாப் போதும்" என்றார். நான் விற்றது ஒரு படத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிப்பாளரின் மேஜைப் பக்கமிருந்து பார்த்தால், எத்தனை தடவை வேண்டுமானாலும் அச்சடிக்கும் உரிமையை வாங்கியிருக்கிறார். பேரம் நடந்தபோது அவர் பக்கம் போய் நின்று ஒருதரம் பார்த்திருந்தால், நான் எதை விற்கிறேன் என்று எனக்கே தெரிந்திருக்கும்.

கொண்டையராஜு வழியில் வந்த காலண்டர்கள் சிலவற்றின் மூலையில் அவர் பேரும் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பேரும் சேர்ந்தே இருக்கும். அண்ணாச்சி அதைக் காட்டி, "கூட வேலை பார்த்தவன் பேரையும் போட்டாரு பாரு, அது மனசு" என்பார். மனசு மட்டுமில்லை, கணக்கும் அதுதான் என்று எனக்குப் பிறகு பட்டது. யார் வரைந்தது என்று படத்திலேயே இருந்தால் ஒருநாள் யாராவது தேடிக்கொண்டு வருவார்கள். அந்தக் கேசட் விவகாரத்துக்குப் பிறகு, எந்த வேலைக்கும் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எந்தப் புத்தகம், எத்தனை பதிப்பு, அசல் எப்போது திரும்பும், முன்பணம் எவ்வளவு. சிலர் முகம் சுளித்தார்கள். 'கலைஞனுக்கு எதுக்குய்யா பத்திரம்?' என்று ஒருவர் கேட்டார். அவர் வேலை தரவில்லை. மற்றவர்கள் தந்தார்கள்.

2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. முந்தின ராத்திரி கொடுத்தால் காலையில் பேனர் தயார். கம்ப்யூட்டர் எழுத்து முட்டிக்கொள்வதில்லை. கோவில்பட்டியில் அண்ணாச்சியோடு வேலை பார்த்தவர்கள் சிலர் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்கள், சிலர் ஃபிளெக்ஸ் கடையிலேயே மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அண்ணாச்சி அதற்கு முன்பே போய்விட்டார்.

இப்போது சனி, ஞாயிறுகளில் நாலைந்து பிள்ளைகள் என் வீட்டுக்கு வருகிறார்கள். எல்லோர் கையிலும் டேப்லெட். தவறு செய்தால் ரெண்டு விரலால் ஒரு தட்டு, போயே போய்விடும். முதலில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பிறகு கவனித்தேன். கை நடுக்கம், கோணல் கோடு, வழிந்த மை எல்லாம் ஒரு தட்டில் அழியும். நான் மேலே சொன்னதில் ஒன்றுகூட அந்தத் தட்டில் அழியாது. ஒரு பையன் கண்ணிமையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருப்பான். முழுப் படம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. எனக்கு என்னுடைய பழுப்பு வட்டக் கதாநாயகன் ஞாபகத்துக்கு வருவான்.

அதற்காக, எல்லாம் தெரிந்தவன் என்று நான் உட்கார்ந்துவிட முடியாது. சமீபத்தில் ஒரு நாவலுக்கு அட்டை வரைந்தேன். நீர்வண்ணம், சாம்பலும் வெளிர்நீலமும், பக்கத்தில் மெல்லிய எழுத்தில் தலைப்பு. நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்துத் திருப்தி ஆயிற்று. வருகிற பிள்ளைகளில் ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், புத்தகத்தை இப்போ யாரும் கடையில பாத்து வாங்கறதில்ல. ஃபோன்லதான் பாக்கறாங்க. அதுல எப்படித் தெரியும்?" என்றாள். போட்டோ எடுத்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கிக் காட்டினாள். சாம்பலும் நீலமும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. தலைப்பு எழுத்தில் ஒன்றுகூடப் படிக்க வரவில்லை.

தலைப்பைத் தடித்த எழுத்தில் மாற்றி, பின்னணியை இருட்டாக்கி, ரெண்டு நாள் உட்கார்ந்து திரும்ப வரைந்தேன். அவள் மறுபடியும் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டினாள். உடனே அடுத்த கேள்வி: "திரும்ப வரைஞ்சதுக்கு அவங்ககிட்ட தனியாக் காசு கேட்டீங்களா?"

"தப்பு என்னுதுதானே, எப்படிக் கேக்கறது?"

"ஃபோன்ல விக்கப் போறோம்னு அவங்க முதல்லயே சொன்னாங்களா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னுடைய அரைப் பக்கத் தாளை எடுத்துவரச் சொன்னாள். 'எத்தனை பதிப்பு' என்பதற்குக் கீழே, 'படம் எங்கெங்கே, என்ன அளவில் காட்டப்படும்' என்று ஒரு வரி எழுதினாள். அதற்குக் கீழே, 'ரெண்டு தடவைக்கு மேல் திருத்தினால் தனிக் கட்டணம்'. அடுத்த வேலைக்கு அந்தத் தாளைத்தான் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்தது. முன்பணமும் வந்துவிட்டது.